சின்னத் தொட்டிக்கு எந்த மீன், எத்தனை மீன்?

கேள்வி இதுதான்: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள புதுத் தொட்டி. கடையில் கலந்து கொடுத்த 10 மீன்கள்: தங்க மீன் 2, கப்பி 2, மோலி 2, ஏஞ்சல் 2, ஒரு ஃபைட்டர், ஒரு சக்கர். ஒரே வாரத்தில் 6 மீன்கள் செத்துவிட்டன. கப்பி இரண்டும் ஒரு தங்க மீனும் சக்கரும் மட்டும் மிச்சம். தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, ஃபில்டர் ஓடுகிறது, தீனியும் வேளாவேளைக்குப் போட்டிருக்கிறார்கள். பிறகு ஏன் செத்தன? இந்த அளவுத் தொட்டிக்கு எந்த மீன்தான் ஒத்துவரும்? ஊருக்குப் போனால் மீனுக்கு என்ன ஏற்பாடு?

இரண்டு காரணங்கள். தொட்டி தயாராவதற்கு முன்பே மீன் உள்ளே போய்விட்டது. அப்புறம், போன மீன்களில் பாதி அந்தத் தொட்டியில் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் நிலைக்க முடியாதவை. இரண்டுமே கடையில் சொல்லியிருக்க வேண்டிய விஷயங்கள். வளர்த்தவர் மீது குற்றம் இல்லை.

தொட்டியின் கணக்கிலிருந்து தொடங்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். அடியில் கல், மேலே விடும் இடைவெளி, உள்ளே வைக்கும் சாமான்கள் எல்லாம் போக நிஜமாக நிற்பது ஏறக்குறைய 45 லிட்டர்தான். மீன்கள் மூச்சு விடுவதும் கழிவை விடுவதும் இந்த 45 லிட்டருக்குள்ளேயே. சின்னத் தொட்டி என்றால் பராமரிப்பு சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறானது. 200 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் கண்ணுக்குத் தெரியாமல் செத்துக் கிடந்தால்கூட ஒரு நாள் தாங்கும். 45 லிட்டரில் அதுவே மற்ற மீன்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். வெயில் ஏறினால் சீக்கிரம் சூடாகும், தீனி ஒரு சிட்டிகை கூடினால் சீக்கிரம் கெடும். அதனால்தான் சின்னத் தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுப்பதில் அதிகக் கண்டிப்பு வேண்டும் என்கிறேன்.

இப்போது, தெளிந்த தண்ணீரில் மீன் ஏன் சாகிறது என்பதைப் பார்ப்போம். மீனின் உடலிலிருந்து வெளியேறும் முக்கியமான கழிவு அமோனியா. பெரும்பகுதி செவுள் வழியாகவே, மூச்சு விடும்போதே வெளியேறுகிறது. மிஞ்சிய தீனியும் மலமும் அழுகினாலும் அமோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவில் மூக்குக்கும் தெரியாது. ஆற்றிலும் குளத்திலும் சில வகை பாக்டீரியாக்கள் இந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. அமோனியா விஷம். நைட்ரைட்டும் விஷம்தான், அது ரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியையே கெடுத்துவிடுகிறது, ரத்தம் பழுப்பாகிவிடும். நைட்ரேட் மட்டும் ஓரளவு வரை மீனுக்குத் தாங்கும். வாராவாரம் தண்ணீர் மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இல்லை. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் அவை குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும், குளிர்ச்சியான தண்ணீரில் இன்னும் கூடுதலாக. அதுவரைக்கும் ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், விஷத்தைப் பிடிக்காது. முதல் நாளே 10 மீன் விட்டால் இரண்டு மூன்று நாளில் அமோனியா ஏறி நிற்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும், செவுள் சிவந்து வீங்கும், துடுப்பை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூலையில் நிற்கும். பசிக்கிறது என்று நினைத்து அந்த நேரத்தில் தீனி போடுவார்கள். அது இன்னும் அமோனியா ஆகும்.

எனவே மிச்சமிருக்கும் நான்கு மீன்களுக்கு உடனே செய்ய வேண்டியது: தினமும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை மாற்றுங்கள். வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும், குளோரின் நீக்கிய தண்ணீராக இருக்கட்டும். தீனியை இரண்டு நாளுக்கு ஒரு முறை, துளிப்போல் கொடுத்தால் போதும். முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கல்லையும் ஃபில்டரையும் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புவதை மட்டும் செய்யாதீர்கள். இப்போதுதான் குடியேறத் தொடங்கியிருக்கும் பாக்டீரியா எல்லாம் போய், முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தங்க மீனையும் சக்கரையும் கடையிலேயே திருப்பிக் கொடுக்க முடிந்தால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். காரணம் கீழே வருகிறது. இரண்டு கப்பி மட்டும் இருந்தால் 45 லிட்டர் அதைத் தாங்கும், தொட்டியும் மெல்லப் பழகும், அதாவது பாக்டீரியா குடியேறிவிடும்.

சொட்டு மருந்து மாதிரி ஊற்றிப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். அலங்காரக் கல்லையும் பிளாஸ்டிக் செடியையும் விட அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகவும், நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழேயும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் தொட்டியின் பாதி நோய்க்குக் காரணம் தெரிந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்கலாம். தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை தீனியைப் போட்டுவந்தால் அது அழுகி அமோனியா தரும். பாக்டீரியாவுக்கு அதுவே சாப்பாடு. முதலில் அமோனியா ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்றுவிட்டால், அதுவரை சேர்ந்த நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடலாம். குறுக்குவழி ஒன்று உண்டு: நோயில்லாமல் நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வைத்துவிடுங்கள். காத்திருப்பு கணிசமாகக் குறையும். சிலர் பழைய தொட்டித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். அதில் பெரிய பயன் இல்லை. பாக்டீரியா பஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கிறதே தவிர, தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை.

குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குளோரின் கலந்த தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஆனால் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் கலக்கும் ஊர்களும் உண்டு. அது வாளியில் வைத்தால் போகாது. உங்கள் குழாயில் எது வருகிறது என்று தெரியாவிட்டால் குளோரின் நீக்கும் மருந்தை அளவாக விடுவதே பாதுகாப்பு.

சரி, மீனுக்கு வருவோம்.

கடையில் பார்க்கும் மீன் பெரும்பாலும் குட்டி. நீங்கள் கேட்க வேண்டியது அது இன்று எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல, வளர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதை. தொட்டியின் அளவுக்கு ஏற்ப மீன் தானாகவே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்ற பேச்சை நம்பாதீர்கள். நெருக்கடியும் கெட்ட தண்ணீரும் சேர்ந்து மீனைக் குறுக வைக்கும், முதுகைக் கோணலாக்கும், ஆயுளைக் குறைக்கும். அதைத்தான் அளவாக வளர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம்.

இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குல மீன் என்று ஒரு கணக்கும் சொல்வார்கள். மிகச் சிறிய மீன்களுக்கு மட்டும் அது ஓரளவு உதவும். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை கிட்டத்தட்ட எட்டு மடங்காகிறது. தின்பதும் கழிப்பதும் எடையோடுதான் போகும். 3 செ.மீ. டெட்ரா 10-ஐயும் 30 செ.மீ. ஆஸ்கர் ஒன்றையும் அந்தக் கணக்கு ஒன்றாகவே காட்டும். நிஜத்தில் அந்த ஆஸ்கர் ஒன்று கழிக்கும் கழிவுக்கு டெட்ரா நூற்றுக்கணக்கில் வேண்டும்.

இந்த வெளிச்சத்தில் வாங்கிய மீன்களைப் பாருங்கள். தங்க மீன் முதலில். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தங்க மீன் என்பது எல்லோர் மனதிலும் பதிந்துபோன படம், அதனால்தான் அதிகம் வதைபடுவதும் அதுதான். நீள உடல் கொண்ட சாதாரணத் தங்க மீன் 20 முதல் 30 செ.மீ. வரை வளரும். உருண்டை வயிறும் விசிறி வாலும் உள்ள வகைகள் 15 முதல் 20 செ.மீ. வரை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10, 15 ஆண்டு சர்வசாதாரணம். இங்கிலாந்தில் 1999-ல் இறந்த டிஷ் என்ற தங்க மீனுக்கு 43 வயது என்று கின்னஸ் பதிவு இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு மீன் கிண்ணத்தில் மூன்று மாதம் இருந்து சாகும்போது, தங்க மீனுக்கு ஆயுசே அவ்வளவுதான் என்று சொல்வதைக் கேட்டால் மனம் கனக்கிறது. தின்றுகொண்டே இருக்கும், கழித்துக்கொண்டே இருக்கும், குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும். வெப்பத்தில் வாழும் ஃபைட்டரோடும் கப்பியோடும் அதைச் சேர்ப்பதே பொருந்தாத சேர்க்கை. தங்க மீன்தான் வேண்டும் என்றால் 150 லிட்டருக்குக் குறையாத தொட்டியோ தோட்டத்துக் குளமோ வேண்டும்.

சக்கர் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது பாசியைச் சுரண்டித் தின்னும், உண்மைதான். பாசி தீர்ந்ததும் அதற்கும் தீனி வேண்டும்; 30 செ.மீ.க்கு மேல், 45 வரைகூட வளரும். அது தின்னும் பாசியைவிட விடும் கழிவு அதிகம். அகன்ற உடலோடு மெல்ல நீந்தும் மீன்களின் மேல் இரவில் ஒட்டிக்கொண்டு வழுவழுப்புப் படலத்தைச் சுரண்டும் பழக்கமும் சிலவற்றுக்கு வந்துவிடும். தொட்டியைச் சுத்தம் செய்ய மீன் எதுவும் கிடையாது. அது உங்கள் கையும் ஒரு சைஃபன் குழாயும் செய்ய வேண்டிய வேலை.

ஏஞ்சல் சாதுவான மீன் போலத் தெரியும். மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனிவரை வளர்ந்த ஏஞ்சலின் உயரம் 20 செ.மீ.யைத் தாண்டும். உங்கள் தொட்டியின் உயரம் 30. அடியில் கல்லுக்கு 5, மேலே இடைவெளிக்கு 3 போனால் 22 செ.மீ. மிச்சம். அந்த மீன் திரும்பக்கூட இடம் இருக்காது. வாய்க்குள் போகும் சின்ன டெட்ராவை அது விழுங்கவும் செய்யும். மோலி நல்ல மீன், ஆனால் 8, 10 செ.மீ. வரை வளர்ந்து குட்டியும் போட்டுத் தள்ளும்; 2 அடித் தொட்டிக்கு அதிகம்.

இதே வரிசையில் வாங்காமல் தவிர்க்க வேண்டிய இன்னும் சில: ஆஸ்கர், சில்வர் ஷார்க், பங்காசியஸ் குட்டிகள். கடைசி மீன் வளர்ந்தால் ஒரு மீட்டரையும் தாண்டும். டைகர் பார்ப் பளிச்சென்று இருக்கும், ஆனால் நீண்ட துடுப்பு உள்ள எந்த மீனையும் கடித்துக் கந்தலாக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் வாழும் மிஸ் கேரளா என்ற டெனிசன் பார்ப், சிவப்புக் கோடும் கறுப்புக் கோடுமாகக் கண்ணைப் பறிக்கும். அது 15 செ.மீ. வரை வளர்ந்து, கூட்டமாக, நீரோட்டத்தில் நீளமாக நீந்த வேண்டிய மீன். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட இனங்களில் ஒன்று. 4 அடித் தொட்டி இல்லாதவர்கள் அதைப் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடலாம்.

இனி ஒத்துவரும் மீன்கள். எனக்கு இதில் ஒரு தீர்மானமான கருத்து உண்டு: சின்னத் தொட்டியில் ஏழெட்டு வகையை இரண்டிரண்டாகப் போடுவதைவிட, ஒரே வகையைப் போதுமான எண்ணிக்கையில் போடுவது எல்லா விதத்திலும் மேல். இரண்டு நியான் டெட்ரா செடிக்குப் பின்னால் ஒளிந்தே இருக்கும், நிறமும் மங்கும். அதே மீன் பத்து இருந்தால் தொட்டியின் நடுவே வரும், ஒன்றையொன்று சீண்டும், அந்த நீலக்கோடு திரும்பும்போதெல்லாம் மின்னும். கூட்டமாக வாழும் மீனுக்குக் கூட்டம்தான் தைரியம்.

தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது தனி ஃபைட்டர். 45 லிட்டர் அதற்குத் தாராளம். 20 லிட்டரிலும் நன்றாக வைத்திருக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். தலையில் இருக்கும் ஒரு விசேஷ உறுப்பால் மேலே வந்து காற்றை நேரடியாக உறிஞ்சக்கூடியது, எனவே ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் பிழைக்கும். இந்தத் திறமைதான் அதற்கு எதிராகவும் போய்விட்டது: எப்படியும் சாகாது என்று ஒரு டம்ளர் தண்ணீரில் அடைத்து விற்கிறார்கள். இதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியாவின் வயல்களும் சதுப்புகளும். தாய்லாந்து 2019-ல் இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அந்த வயல்களில் தண்ணீர் ஆழம் குறைவு, பரப்பு அதிகம். ஆழமில்லாத இடத்தில் வாழும் மீன் என்பதற்கும் இடமே இல்லாமல் வாழும் மீன் என்பதற்கும் நிறைய வித்தியாசம். 24 முதல் 28 டிகிரி வெப்பம், வேகமில்லாத ஸ்பாஞ்ச் ஃபில்டர், நீர்மட்டத்துக்கு அருகே சாய்ந்து ஓய்வெடுக்க ஓர் அகல இலை, குதித்துவிடாமல் இருக்க மூடி. இவ்வளவு கொடுங்கள், ஆளை அடையாளம் கண்டு கண்ணாடி ஓரம் வரும் மீன் அது. இரண்டு ஆண் ஃபைட்டரை ஒரே தொட்டியில் விடவே கூடாது. நீண்ட வால் கப்பியைக்கூட எதிரி என்று எண்ணித் துரத்தும்.

கப்பி என்றால் ஆண் மட்டும் 8, 10 வாங்குங்கள். நிறமெல்லாம் ஆணிடம்தான். பெண் ஒன்று வந்தாலே கதை வேறு: கடையிலிருந்து வரும்போதே அது பெரும்பாலும் சினையாக இருக்கும், மாதத்துக்கு ஒரு முறை குட்டி போடும், ஒரு முறை இணைசேர்ந்தாலே பல மாதங்களுக்கு அந்த விந்தைச் சேமித்து வைத்துத் தொடர்ந்து குட்டி போடும். ஒரே பிரசவத்தில் 20, 30, பெரிய பெண் என்றால் இன்னும் கூட. ஆறே மாதத்தில் 45 லிட்டர் நிரம்பி வழியும். கப்பி, பிளாட்டி இரண்டுக்கும் கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். உங்கள் வீட்டுக் குழாயில் உப்புப் படியும் தண்ணீர் வருகிறது என்றால் நியானோடு மல்லுக்கட்டுவதைவிட கப்பியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். தண்ணீரை மாற்ற மருந்து தேடுவதைவிடத் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவது எப்போதும் சுலபம்.

மென்மையான தண்ணீர் வருகிறவர்களுக்கு நியான் டெட்ரா, எம்பர் டெட்ரா, ஹார்லெக்வின் ரஸ்போரா. இவற்றில் ஏதாவது ஒரு வகை 8 முதல் 10 வரை. கூடவே அடித்தளத்துக்கு பிக்மி கோரிடோரஸ் 6. இவை இரண்டரை செ.மீ. அளவே இருக்கும், மீசையால் மணலைத் துழாவித் தீனி தேடும். கூர்மையான கல் போட்டால் அந்த மீசை தேய்ந்து புண்ணாகும், எனவே அடியில் மழமழப்பான மெல்லிய மணல்தான் போட வேண்டும். நியானை மட்டும் புதுத் தொட்டியில் முதல் மீனாக விடாதீர்கள்; இரண்டு மூன்று மாதம் ஓடித் தண்ணீர் நிலைபெற்ற தொட்டியில்தான் அது சரியாக நிற்கும்.

ஹனி கௌராமி ஒரு ஜோடி, கூட எம்பர் டெட்ரா 8 என்பதும் அமைதியான சேர்க்கை. அதன் உறவான டுவார்ஃப் கௌராமி நிறத்தில் இதைவிட எடுப்பாக இருக்கும், ஆனால் பண்ணை மீன்களில் மருந்தே இல்லாத ஒரு வைரஸ் நோய் பரவலாக இருக்கிறது. ஹனி கௌராமி பக்கமே என் ஓட்டு. வரிக்குதிரை டானியோ எதையும் தாங்கும், ஆனால் ஓயாமல் ஓடும். 2 அடி நீளத்துக்குக் குறைந்த தொட்டியில் வேண்டாம். ஹீட்டர் இல்லாமல் அறை 18, 20 டிகிரியில் இருக்கும் குளிர்ப் பிரதேசத்துக்காரர்களுக்கு ஒயிட் கிளவுட் மினோ அருமையான மீன். 30 லிட்டருக்கும் குறைவான தொட்டி, மீன் வேண்டும் என்ற பிடிவாதமும் இல்லை என்றால் செர்ரி இறால் வைத்துப் பாருங்கள். பாசிக்கொத்தில் உட்கார்ந்து முன்கால்களால் ஓயாமல் பொறுக்கித் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கடையில் மீனை எடுக்கச் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். துடுப்பு விரிந்திருக்கிறதா, மூடி ஒட்டியிருக்கிறதா? வயிறு உள்வாங்கி முதுகு கத்தி மாதிரி இருக்கிறதா? செவுள் இரண்டு பக்கமும் ஒரே சீராக அசைகிறதா, இல்லை படபடவென்று அடிக்கிறதா? கல்லிலோ செடியிலோ உடலை உரசிக்கொண்டு போகிறதா? அதே தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தால், உங்களுக்குப் பிடித்த மீன் எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் அன்று வாங்காதீர்கள். கொஞ்சம் தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்; தின்னும் மீன்தான் வீட்டுக்கு வந்தாலும் தின்னும்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டோடு தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு திறந்து, சில நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டித் தண்ணீரை ஒரு சின்னக் கிண்ண அளவு பைக்குள் சேர்த்து, அரை மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. முடிந்தால் புது மீனை இரண்டு மூன்று வாரம் ஒரு தனி டப்பாவில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சேர்ப்பது நல்லது. வெள்ளைப்புள்ளி நோய் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

அந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். உடலில் உப்புக் கல் தூவின மாதிரி தெரியும் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. அது வளர்ந்து, உதிர்ந்து, அடித்தளத்தில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிளந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தி வருகிறது. அந்த நீந்தும் கட்டத்தில்தான் மருந்து கொல்லும். புள்ளி மறைந்துவிட்டது என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஒட்டுண்ணி கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெப்பத்தை மெல்ல மெல்ல 29, 30 டிகிரிக்கு ஏற்றினால் இந்தச் சுற்று வேகமாக முடியும், மருந்துக்கும் சீக்கிரம் அகப்படும். வெப்பம் ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் (20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால் 30-ல் ஏழரை), எனவே ஏர் பம்பைக் கட்டாயம் ஓடவிடுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் மருந்தைத் தொடருங்கள். தாமிரம் கலந்த மருந்து இறாலைக் கொன்றுவிடும். லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

அன்றாடப் பராமரிப்பு அதிகமில்லை. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை, கல்லில் தங்கிய அழுக்கோடு சைஃபன் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை மேலே ஊற்றி நிரப்புவது தண்ணீர் மாற்றியதாகாது: ஆவியானது தண்ணீர் மட்டும்தான், உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் இரண்டு முறை பிழிந்து திரும்ப வையுங்கள். விளக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். பாசி படிகிறது என்றால் முதலில் குறைக்க வேண்டியது விளக்கையும் தீனியையும்தான். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற செடிகளை மரத்துண்டிலோ கல்லிலோ நூலால் கட்டினால் போதும், கிழங்கு மாதிரியான தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். வேகமாக வளரும் ஹார்ன்வொர்ட் செடி அமோனியாவையும் நைட்ரேட்டையும் தானே உறிஞ்சிக்கொள்ளும், புதுத் தொட்டிக்கு நல்ல துணை.

தீனி ஒன்று அல்லது இரண்டு வேளை, ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. அதற்கு மேல் கீழே விழுவதெல்லாம் அமோனியா. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் மீனுக்கு நல்லதுதான்.

மின்சாரம் போனால் தீனி போடாதீர்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் உயரத்திலிருந்து மறுபடி அதிலேயே ஊற்றிக்கொண்டிருங்கள், ஆக்சிஜன் கலக்கும். பல மணி நேரம் நின்றுபோன மூடிய வகை ஃபில்டருக்குள் அழுகல் நாற்றம் வந்தால், பஞ்சை அலசிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

எந்த நிலையிலும் வேண்டாத மீனை ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். சக்கர் மீன் பல நாடுகளில் நீர்நிலைகளுக்குள் புகுந்து பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது இப்படித்தான். கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி உள்ளவர்களுக்குக் கொடுங்கள்.

ஊருக்குப் போவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வளர்ந்த மீன்கள் நான்கைந்து நாள் தீனி இல்லாமல் தாராளமாக இருக்கும், எதுவும் செய்ய வேண்டாம். கிளம்பும் அன்று சேர்த்துப் போட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து. கிளம்புவதற்கு முந்தைய நாள் தண்ணீரை மாற்றிவிட்டுப் போங்கள். பத்து நாளுக்கு மேல் ஆகும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றால், தீனி டப்பாவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். இரண்டு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று அளவாகக் காகிதத்தில் மடித்து, ஒவ்வொன்றிலும் கிழமையை எழுதி வைத்துவிட்டு, டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள்.